கரு நின்றுபோனபின் கருப்பைச் சுத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் மூன்று மாதத்துக்குள் கரு வளராமல் நின்றுவிட்டால், ஸ்கேன் அறையை விட்டு வரும்போதே கையில் ஒரு சீட்டு இருக்கும். அதில் 'டி அண்ட் சி' என்றோ 'எஸ் அண்ட் ஈ' என்றோ எழுதியிருப்பார்கள். அன்று இரவே ஆரம்பிக்கிற கேள்விகள் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். கேட்பவர்கள் கேட்கிற விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்து, தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் நடக்கிற முறையை ஒட்டிப் பதில் சொல்லியிருக்கிறோம். மருந்து அளவுகளைக் குறிப்பிட்டிருப்பது, டாக்டர் சொல்வது உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக. கடையில் வாங்கித் தானாகப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

டி அண்ட் சி-ன்னா வயித்தைக் கிழிக்கிற ஆபரேஷனா? தையல் போடுவாங்களா?

வயிற்றில் கத்தியே படாது, தையலும் கிடையாது. பிறப்புறுப்பு வழியாகக் கருப்பை வாயைக் கொஞ்சம் விரித்து, உள்ளே இருக்கும் கருவின் பையையும் திசுவையும் வெளியே எடுப்பார்கள். எடுக்கிற வேலை மட்டும் ஐந்திலிருந்து பத்து நிமிடம். பேச்சுவழக்கில் 'வாஷ் பண்றது', 'கழுவி விடுறது' என்பார்கள். கேட்பதற்கு எப்படியோ இருந்தாலும் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற வேலை எதுவும் அதில் இல்லை.

ஒரு டாக்டர் டி அண்ட் சி-ங்கறார், இன்னொருத்தர் எம்விஏ-ங்கறார். ரெண்டும் ஒண்ணா?

வாய் வார்த்தையில் ஒன்று, செய்முறையில் வேறு. பழைய டி அண்ட் சி என்பது கருப்பை வாயை விரித்து, க்யூரெட் என்கிற உலோகக் கரண்டியால் உள்சுவரைச் சுரண்டுவது. எம்விஏ என்பது கையால் இயக்கும் 60 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்சில் வெற்றிடம் உண்டாக்கி, மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியாக உறிஞ்சுவது. அதே வேலையை மின்சார உறிஞ்சு இயந்திரத்தால் செய்தால் ஈவிஏ. 'எஸ் அண்ட் ஈ' என்று எழுதியிருந்தால் அதுவும் உறிஞ்சி எடுப்பதுதான்.

முதல் மூன்று மாதத்துக்கு உறிஞ்சும் முறைதான் சரி, கரண்டியால் சுரண்டுவதைக் கைவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. உறிஞ்சும்போது ரத்தப்போக்கும் வலியும் குறைவு, உள்சுவர் காயப்படுவதும் குறைவு. சிக்கல் என்னவென்றால், உறிஞ்சி எடுத்துவிட்டும் பழக்கத்தில் 'டி அண்ட் சி' என்றே எழுதும் ஆஸ்பத்திரிகள் நிறைய. அதனால் சீட்டைப் பார்த்து முடிவுக்கு வராமல், "சக்ஷனா, க்யூரெட்டா? சக்ஷன் முடிஞ்சதும் கரண்டி போட்டுப் பார்ப்பீங்களா?" என்று நேராகவே கேட்டுவிடுங்கள். 'எதற்கும் ஒரு தடவை சுரண்டிப் பார்த்துவிடலாம்' என்கிற வழக்கத்துக்கு அவசியம் கிடையாது.

ஸ்கேன்ல ஹார்ட் பீட் வரலைன்னுட்டாங்க. தேதி தப்பா இருந்து, அது உயிரோட இருந்தா என்ன பண்றது?

நியாயமான பயம். அதற்காகவே கண்டிப்பான அளவுகோல்கள் இருக்கின்றன. உள்வழி ஸ்கேனில் கருவின் நீளம் 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு இல்லையென்றால், கரு நின்றுவிட்டது உறுதி. பையின் சராசரி விட்டம் 25 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் உள்ளே கருவே தெரியவில்லை என்றாலும் உறுதி. இதற்குக் கீழே இருக்கும் அளவுகளில் அவசரப்படக் கூடாது. 5 மி.மீ. கருவில் துடிப்பு தெரியவில்லை என்றால் ஒரு வாரமாவது கழித்து மறுபடி பார்க்க வேண்டும். வெறும் பை மட்டும் தெரிந்திருந்தால் இரண்டு வாரம், பையும் அதற்குள் மஞ்சள்கருப் பையும் (ரிப்போர்ட்டில் 'யோக் சாக்') தெரிந்திருந்தால் பதினொரு நாள் கழித்துப் பார்த்து, அப்போதும் துடிப்புள்ள கரு வரவில்லை என்றால்தான் தீர்மானிக்கலாம்.

ரிப்போர்ட்டில் 'சிஆர்எல்', 'எம்எஸ்டி' என்று இரண்டு எண்கள் இருக்கும். சிஆர்எல் கருவின் நீளம், எம்எஸ்டி பையின் சராசரி விட்டம். அந்த எண்களை மேலே சொன்னவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லைக்கோட்டில் இருந்தால் இன்னொரு ஸ்கேன் கேட்பது உங்கள் உரிமை. அதை எந்த நல்ல டாக்டரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

நான் ஸ்கூட்டி ஓட்டினதாலயா? பப்பாளி சாப்பிட்டதாலயா?

இல்லை. ஆரம்பத்திலேயே நின்றுபோகும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் எண்ணிக்கை சரியாக அமையாததுதான். கரு உண்டாகும் நேரத்திலேயே தீர்மானமாகிவிட்ட விஷயம் அது. படி ஏறியது, பஸ்ஸில் போனது, கணவரோடு சேர்ந்தது எதுவும் காரணம் இல்லை. மாமியாரிடமும் இதை அப்படியே சொல்லலாம்.

உடனே பண்ணியாகணுமா? தானா வெளிய வந்துடாதா? உள்ளயே இருந்தா விஷமாயிடும்ங்கறாங்களே?

அதிக ரத்தப்போக்கு, காய்ச்சல், கடும் வயிற்று வலி எதுவும் இல்லையென்றால் அன்றே ஓட வேண்டிய அவசரம் கிடையாது. 'விஷமாகிவிடும்' என்பது பயமுறுத்தல். காத்திருப்பது, மாத்திரை, உறிஞ்சி எடுப்பது என்ற மூன்று வழிகளையும் 1,200 பெண்களிடம் ஒப்பிட்ட பிரிட்டன் ஆய்வு ஒன்று 2006-ல் வெளியானது. கிருமித் தொற்று மூன்றிலும் 100-க்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் வந்தது. ஓரிரண்டு நாள் வீட்டில் உட்கார்ந்து யோசித்துவிட்டு வரலாம்.

காத்திருந்தால் எட்டு வாரத்துக்குள் 100-ல் 80 பேர் வரைக்கும் தானாகவே முடிந்துவிடும். ஆனால் எந்த நாள், எந்த நேரம் என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் போகும்போதும் ஆரம்பிக்கலாம். மாத்திரை வழியில் மிசோப்ரோஸ்டால் 800 மைக்ரோகிராமை மட்டும் ஒரு தடவை வைத்தால் 100-ல் 67 பேருக்கும், அதற்கு ஒரு நாள் முன்பு மிஃபெப்ரிஸ்டோன் 200 மி.கி. கொடுத்துவிட்டு வைத்தால் 84 பேருக்கும் அந்த ஒரு தவணையிலேயே முடிந்ததாக 2018-ல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. உறிஞ்சி எடுத்தால் 100-ல் 97 பேருக்கு மேல் ஒரே தடவையில் முடிந்துவிடும். வேலை, வீட்டு நிலைமை, பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா, இரவில் துணைக்கு ஆள் உண்டா என்பதையெல்லாம் பார்த்து நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அப்போ யாருக்கு இதுதான் வழி, தள்ளிப் போடவே கூடாது?

ரத்தம் கொட்டிக்கொண்டே இருப்பவர்கள், தலைசுற்றி நாடித்துடிப்பு ஏறியவர்கள், காய்ச்சலோடு நாற்றமுள்ள கசிவு இருப்பவர்கள், முத்துப்பிள்ளைக் கர்ப்பம் (நஞ்சுத் திசு நீர்க்குமிழிகளாக வீங்கி வளர்வது) என்று சந்தேகம் உள்ளவர்கள். இவர்களுக்கு உறிஞ்சி எடுப்பதே முதல் வழி. ஹீமோகுளோபின் மிகவும் குறைவாக இருப்பவர்கள், ரத்தம் உறையாத நோயுள்ளவர்கள், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை நிறுத்த முடியாதவர்கள் வீட்டில் காத்திருப்பதும் நல்லதில்லை. மாத்திரை போட்டும் பாதியில் நின்றுவிட்டால் அப்போதும் இதுதான்.

முந்தின நாள் நான் என்னென்ன பண்ணணும்?

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினும் ரத்த வகையும் கட்டாயம். சர்க்கரை, ரத்தம் உறையும் நேரம், எச்ஐவி, மஞ்சள் காமாலை பி சோதனைகளும் வழக்கமாக எடுப்பார்கள். மயக்கம் கொடுப்பதாக இருந்தால் ஆறு மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் மட்டும் இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். இங்கே அடிக்கடி நடக்கிற தப்பு, காலையில் 'ஒரு வாய் காபிதானே' என்று குடித்துவிட்டு வருவது. பால் சேர்ந்தால் அது சாப்பாட்டுக் கணக்கு. ஆபரேஷன் ஆறு மணி நேரம் தள்ளிப் போகும்.

குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்துக் கருத்தரித்தவர்கள் வயிற்றில் போடுகிற ஹெப்பாரின் வகை ஊசியும் ஆஸ்பிரினும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கடைசி ஊசி எத்தனை மணிக்கு என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். புரோஜெஸ்ட்ரான் மாத்திரையையோ ஊசியையோ கரு நின்றது உறுதியானபின் தொடர்வதில் பயனில்லை, நிறுத்துவது பற்றிக் கேட்டுவிடுங்கள். தைராய்டு, பிரஷர் மாத்திரைகளைக் கொஞ்சம் தண்ணீரோடு போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். நகப்பூச்சை அழித்துவிட்டு வாருங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி சில பூச்சுகளில் தப்பாகக் காட்டும்.

ஆபரேஷன்னு சொல்லிட்டு எதுக்கு முன்னாடியே மாத்திரை வைக்கிறாங்க?

கருப்பை வாயை இளக்குவதற்கு. மிசோப்ரோஸ்டால் 400 மைக்ரோகிராம், அதாவது 200 மாத்திரை இரண்டு. நாக்குக்கு அடியில் என்றால் ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு, உள்ளே வைத்தால் இரண்டு மூன்று மணி நேரம் முன்பு. இளகாத வாயை உலோகக் கம்பியால் வலிந்து விரித்தால்தான் கிழிசலும் ஓட்டையும் வருகின்றன. முதல் கர்ப்பமாக இருந்து, சுகப்பிரசவமே ஆகாதவர்களுக்கு இதனால் பலன் அதிகம்.

மாத்திரை வைத்ததும் குளிர் நடுக்கம், லேசான காய்ச்சல், வயிற்றுப் பிடிப்பு, பேதி வரலாம். சிலருக்கு ரத்தமும் ஆரம்பித்துவிடும். அதனால் ஆஸ்பத்திரிக்கு வந்தபின் வைத்துக்கொள்வது நல்லது. தூரத்து ஊரிலிருந்து வருபவர்கள் பஸ் ஏறுவதற்கு முன்பு வைத்துக்கொள்ளவே கூடாது.

முழு மயக்கமா, மரத்துப்போற ஊசியா?

நம் ஊரில் பெரும்பாலும் கையில் ஊசி வழியாக மருந்து செலுத்திப் பத்துப் பதினைந்து நிமிடம் தூங்க வைப்பார்கள். விழித்தபோது எல்லாம் முடிந்திருக்கும். எம்விஏ-வை முழு மயக்கமில்லாமல், கருப்பை வாயைச் சுற்றி லிக்னோகெயின் போட்டு மரக்க வைத்தும் செய்யலாம். 1 சதவீத மருந்தில் 20 மில்லி வரை எடுத்து, வாயைச் சுற்றி நான்கு இடத்தில் போட்டு, மூன்று நிமிடம் காத்திருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த மூன்று நிமிடம் காத்திருக்காமல் ஆரம்பித்தால் வலிக்கும். கூடவே ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும்.

மரத்துப்போகும் ஊசியோடு செய்யும்போது, கடைசி ஒன்றிரண்டு நிமிடம் கடுமையான மாதவிடாய் வலி போல இழுத்துப் பிடிக்கும். கருப்பை காலியாகிச் சுருங்குகிறது என்பதற்கு அதுவே அடையாளம். வலி பொறுக்க முடியாதவர்களும், ஸ்கேன் புரோப் வைத்தாலே உடம்பு இறுகிவிடுபவர்களும் மயக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

உள்ளே என்னதான் செய்வாங்க? ஒண்ணு ஒண்ணா சொல்லுங்க.

சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, காலை மடக்கிப் படுக்க வைப்பார்கள். ஒரு மணி நேரம் முன்பே ஆன்டிபயாட்டிக் ஒரு தவணை, பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் 200 மி.கி., கொடுத்திருப்பார்கள். டாக்டர் முதலில் கைவைத்துக் கருப்பை முன்பக்கம் சாய்ந்திருக்கிறதா, பின்பக்கமா என்று பார்ப்பார். இதை அலட்சியமாகச் செய்தால் குழாய் தப்பான திசையில் போய்ச் சுவரில் குத்தும். பிறகு ஸ்பெகுலம் வைத்து, கிருமிநாசினி தடவி, கருப்பை வாயைக் கொக்கியால் பிடித்து நேராக்குவார். வாயைப் படிப்படியாக விரித்து, குழாயை உள்ளே விடுவார்.

குழாய்கள் 4 மி.மீ.யில் தொடங்கி 12 மி.மீ. வரை இருக்கின்றன. கருப்பை எத்தனை வார அளவில் இருக்கிறதோ ஏறக்குறைய அத்தனை மி.மீ. குழாய் என்பது கணக்கு. கடைசி மாதவிடாய்ப்படி 10 வாரம் ஆகியிருந்தும் கரு 7 வாரத்திலேயே நின்றிருந்தால், கையில் தெரிகிற கருப்பையின் அளவைத்தான் பார்க்க வேண்டும், காலண்டரை அல்ல. சிரிஞ்சின் வால்வை மூடிப் பிஸ்டனை முழுவதும் பின்னுக்கு இழுத்தால் அதன் இரண்டு கைகளும் 'டக்' என்று வெளியே விரிந்து பூட்டிக்கொள்ளும். அதைக் குழாயில் மாட்டி வால்வைத் திறந்ததும் உறிஞ்ச ஆரம்பிக்கும். குழாயை இப்படியும் அப்படியும் அரைவட்டமாகச் சுழற்றி, முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்துவார்கள்.

திசு வருவது நின்று இளஞ்சிவப்பு நுரை மட்டும் வரும். குழாயின் முனை மணல்மேல் உரசுவது போலச் சொரசொரப்பாகக் கையில் தெரியும். கருப்பை குழாயை இறுக்கிப் பிடிக்கும். இந்த மூன்றும் வந்தால் வேலை முடிந்தது. சிரிஞ்ச் நிறைந்துவிட்டால் கழற்றிக் காலிசெய்து மறுபடி மாட்ட வேண்டும். குழாய் உள்ளே இருக்கும்போது பிஸ்டனைத் திருப்பித் தள்ளவே கூடாது. அப்படிச் செய்தால் காற்றும் திசுவும் கருப்பைக்குள்ளேயே திரும்பிப் போகும்.

எடுத்ததை என்ன பண்றாங்க? டெஸ்டுக்கு அனுப்பணுமா?

வெளியே எடுத்ததை அங்கேயே வடிகட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள தட்டில் போட்டு, அடியிலிருந்து வெளிச்சம் காட்டிப் பார்க்க வேண்டும். நஞ்சுக்கொடியின் ஆரம்பத் திசு, குளத்துத் தண்ணீரில் பாசி விரிந்து ஆடுவது போல வெண்மையாக மிதக்கும். ரத்தக்கட்டி அப்படி விரியாது. இரண்டு நிமிட வேலைதான். ஆனால் எல்லாம் வந்ததா, கரு கருப்பைக்குள்தான் இருந்ததா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் அந்தத் தட்டில்தான் இருக்கிறது.

சாதாரண திசுப் பரிசோதனைக்கு ஃபார்மலினில் போட்டு அனுப்புவார்கள். முத்துப்பிள்ளை இல்லை என்று உறுதிப்படுத்த அது உதவும். குரோமோசோம் பரிசோதனை வேண்டும் என்றால் ஃபார்மலினில் போடக் கூடாது, கிருமி நீக்கிய சலைன் பாட்டிலில் போட வேண்டும். இதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லி, பாட்டிலைத் தயாராக வைக்கச் சொல்லுங்கள். ஃபார்மலினில் விழுந்தபின் கேட்டால் குரோமோசோம் வளர்த்துப் பார்க்க வழியில்லை. முதல் தடவை நின்றுபோனவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை. இரண்டாவது, மூன்றாவது தடவை என்றால் யோசிக்கலாம்.

எனக்கு 'ஒண்ணும் வரலை'ன்னு சொன்னாங்க. அதுக்கு என்ன அர்த்தம்?

அந்தத் தட்டில் பாசி போன்ற திசு தெரியவில்லை என்று அர்த்தம். ஒன்று, ஏற்கெனவே முழுவதும் வெளியேறியிருக்கும். இல்லையென்றால் குழாய் கருவைத் தொடாமல் போயிருக்கும். மூன்றாவதுதான் ஆபத்து: கரு கருப்பையில் இல்லாமல் டியூபில், அதாவது கருக்குழாயில் இருக்கலாம். முன்பு ஸ்கேனில் கருப்பைக்குள் பையும் மஞ்சள்கருப் பையும் தெளிவாகப் பார்த்திருந்தால் பயம் குறைவு. பார்க்காமலே செய்திருந்தால், அன்றே பீட்டா எச்சிஜி (ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோனின் அளவு) எடுத்து, 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். பாதிக்கு மேல் இறங்கியிருந்தால் பெரும்பாலும் நிம்மதி. இறங்கவில்லை, ஏறுகிறது என்றால் டியூப் கர்ப்பத்தைத் தேட வேண்டும். ஒருபக்க வயிற்று வலி, தோள்பட்டை வலி, மயக்கம் வந்தால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

என் ரத்தம் நெகட்டிவ். ஊசி போடணுமா?

நீங்கள் ஆர்எச் நெகட்டிவ், கணவர் பாசிட்டிவ் என்றால் நம் ஊரில் ஆன்டி-டி ஊசியை (அடுத்த குழந்தையின் ரத்தத்தைத் தாயின் உடம்பு எதிர்க்காமல் தடுப்பது) 72 மணி நேரத்துக்குள் போடுகிறார்கள். 12 வாரத்துக்குள் 50 மைக்ரோகிராம் போதும். சின்ன அளவு கிடைக்காத இடத்தில் 300 போட்டாலும் தவறில்லை. 12 வாரத்துக்குள் இது தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது. அதனால் வெளிநாட்டில் இருக்கும் அக்கா 'இங்கே போடவே இல்லையே' என்றால் குழம்ப வேண்டாம். இங்கே டாக்டர் போடச் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள், சீட்டில் தேதியோடு எழுதி வாங்குங்கள்.

அப்புறம் எத்தனை நாள் ரத்தம் போகும்? எப்போ பயப்படணும்?

மரக்க வைத்துச் செய்தால் ஒன்றிரண்டு மணி நேரத்திலும், மயக்கம் கொடுத்திருந்தால் நாலைந்து மணி நேரத்திலும் வீட்டுக்கு அனுப்புவார்கள். வண்டியை நீங்களே ஓட்டக் கூடாது. ரத்தம் ஒரு வாரம், அதிகம் போனால் இரண்டு வாரம் வரை விட்டுவிட்டுப் போகும். நடுவில் நின்று மறுபடி வருவதும் சகஜம். ரத்தம் நிற்கும் வரை நாப்கின் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், உறவைத் தள்ளிப் போடுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பெரிய நாப்கின் நனைந்து, அது தொடர்ந்து இரண்டு மணி நேரம் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரி. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, மாத்திரைக்கும் அடங்காத வலி, வயிறு கல்லாக இறுகுவது எல்லாம் அப்படியே. இன்னொன்று அதிகம் பேருக்குத் தெரியாது. ரத்தம் திடீரென்று நின்றுபோய், சில மணி நேரத்தில் அடிவயிற்றில் வலி ஏறிக்கொண்டே போனால், வெளியேற வழியில்லாமல் ரத்தம் கருப்பைக்குள் தேங்கியிருக்கலாம். அதை மறுபடி ஒருமுறை உறிஞ்சி எடுத்தால் சரியாகிவிடும்.

பத்து நாள் கழிச்சு ஸ்கேன் எடுத்தா 'உள்ளே 12 மி.மீ. இருக்கு'ன்னு வந்திருக்கு. மறுபடியும் சுத்தம் பண்ணணுமாம்!

பொறுங்கள். ஸ்கேனில் உள்சுவரின் தடிமன் அவ்வளவு தெரிவது மட்டும் மறுபடி செய்யக் காரணம் ஆகாது. ரத்தக்கட்டியும் அப்படித்தான் தெரியும், அடுத்த மாதவிடாயில் போய்விடும். ரத்தப்போக்கு அதிகமாகவோ வாரக்கணக்கிலோ நீடிக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, டாப்ளரில் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் தெரிகிறதா என்பதைப் பார்த்துத்தான் முடிவு எடுக்க வேண்டும். உண்மையிலேயே திசு ஒட்டிக்கொண்டிருந்தால், கண்ணால் பார்த்தபடி அந்த இடத்தை மட்டும் எடுக்கும் ஹிஸ்டரோஸ்கோபி நல்லது. கண்ணுக்குத் தெரியாமல் இரண்டாம் தடவை சுரண்டுவதுதான் அடுத்த கேள்வியில் சொல்லும் பிரச்சினைக்கு வழி.

இதைப் பண்ணிட்டா கர்ப்பப்பை வீக்காயிடும், அடுத்தது நிக்காதுன்னு சொல்றாங்களே?

ஒருமுறை உறிஞ்சி எடுத்ததால் குழந்தை நிற்காமல் போவதில்லை. மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் அடுத்த கர்ப்ப வாய்ப்பு ஒரே அளவுதான். சுவரில் ஓட்டை விழுவது 1000 பேரில் ஒருவருக்கு என்ற அளவில். அதிலும் பெரும்பாலானவை தானாக ஆறிவிடும்.

பார்த்துக்கொள்ள வேண்டியது ஒட்டல். உள்சுவரின் அடியடுக்கு வரை சுரண்டிவிட்டால் முன்சுவரும் பின்சுவரும் ஒட்டிக்கொள்ளும், ஆஷர்மன் நோய் என்பார்கள். கரண்டியால் சுரண்டியதும், இரண்டு மூன்று முறை திரும்பத் திரும்பச் செய்ததும் இதற்கு முக்கியக் காரணங்கள். அடையாளம்: ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் மாதவிடாய் வரவே இல்லை, அல்லது முன்பு நாலு நாள் போனது இப்போது கறையாக மட்டும் வருகிறது, அல்லது ரத்தம் வராமல் மாதா மாதம் வலி மட்டும் வருகிறது. அப்படி இருந்தால் ஒரு வருடம் பார்ப்போம் என்று இருக்காமல் ஹிஸ்டரோஸ்கோபி தெரிந்த டாக்டரிடம் போங்கள். சீக்கிரம் பிரித்துவிட்டால் பலன் அதிகம்.

முதல் ரெண்டும் சிசேரியன். எனக்கும் இதே மாதிரிதானா?

பெரும்பாலும் இதே மாதிரிதான். ஆனால் ஆரம்பிப்பதற்கு முன்பு ஒன்றை உறுதிசெய்ய வேண்டும்: பை எங்கே ஒட்டியிருக்கிறது? பழைய தையல் தழும்பிலேயே கரு பதிந்திருந்தால், அதைக் கருச்சிதைவு கீழே இறங்கி வருகிறது என்று தப்பாக நினைத்துக் கண்மூடித்தனமாகச் சுரண்டுபவர்கள் உண்டு. அந்த இடத்தில் சதை மெல்லிசு, சுருங்கவும் செய்யாது. ரத்தம் கொட்டும், சில நேரம் கருப்பையையே எடுக்க வேண்டிவரும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறக்குறைய 45 சதவீதம் சிசேரியன். அதனால் இது எங்கோ யாருக்கோ வருகிற கதை இல்லை.

உள்வழி ஸ்கேன் எடுத்து 'தழும்பில் இல்லை' என்று எழுதி வாங்குங்கள். தழும்பில்தான் இருக்கிறது என்றால், ரத்தம் ஏற்றும் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரியில், ஸ்கேன் பார்த்தபடி, ரத்தம் வந்தால் அழுத்த பலூன் குழாயும் தயாராக வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

'முத்துப்பிள்ளை'ன்னா என்ன? அதுக்கு ஏன் மாசக்கணக்குல ரத்தம் எடுக்கறாங்க?

நஞ்சுத் திசு திராட்சைக் கொத்து போல நீர்க்குமிழிகளாக வீங்கி வளர்வது. ரத்தம் ஏற்பாடு செய்துவைத்துக்கொண்டு மின்சார இயந்திரத்தால் உறிஞ்சி எடுப்பார்கள். மிச்சத் திசு மறுபடி வளரக்கூடியது என்பதால் பீட்டா எச்சிஜி பூஜ்யத்துக்கு அருகே இறங்கும் வரை வாரா வாரம், பிறகு மாதா மாதம் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கு முடியும்வரை கர்ப்பமாகக் கூடாது. ஆகிவிட்டால் எச்சிஜி ஏறுவது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ரெண்டு வாரம் ஆச்சு, யூரின் டெஸ்ட் இன்னும் பாசிட்டிவ். உள்ள இன்னும் இருக்கா?

எச்சிஜி மெதுவாகத்தான் இறங்கும். மூன்று நாலு வாரம் வரை இரண்டு கோடு தெரியலாம். தினமும் கார்டு வாங்கிப் பார்ப்பது பணத்துக்கும் கேடு, மனசுக்கும் கேடு. நாலு வாரத்துக்கு மேலும் பாசிட்டிவ் என்றால் டாக்டரைப் பாருங்கள்.

எப்போ தலைக்கு ஊத்திக்கலாம்? பத்தியம் உண்டா?

அன்று மாலையே குளிக்கலாம், தலைக்கும் ஊற்றிக்கொள்ளலாம். மயக்கம் தெளிந்த அன்று மட்டும் யாராவது பக்கத்தில் இருக்கட்டும், வழுக்கி விழுந்துவிடக் கூடாது. பத்தியம் மருத்துவப்படி கிடையாது. பூண்டுக் குழம்பும் கருவாடும் பிடித்தால் சாப்பிடுங்கள். 'பச்சை உடம்பு' என்று தண்ணீரைக் குறைப்பதும், பழம் கீரையைத் தள்ளிவைப்பதும் தப்பு. ரத்தம் போயிருக்கிறது, இரும்புச்சத்து மாத்திரையைத் தொடருங்கள். அதைப் போட்ட கையோடு காபி டீ குடித்தால் சத்து சேராது.

அடுத்த குழந்தைக்கு எத்தனை மாசம் காத்திருக்கணும்?

கருமுட்டை இரண்டே வாரத்தில் வெளிவரக்கூடும். அதனால் மாதவிடாய் வருவதற்கு முன்பே கர்ப்பமாவது நடக்கிற காரியம். இப்போதைக்கு வேண்டாம் என்றால் அன்றிலிருந்தே தடுப்பு வேண்டும்; காப்பர்-டியை அதே மேஜையில் போட்டுக்கொள்ளலாம், கிருமித் தொற்றும் முத்துப்பிள்ளைச் சந்தேகமும் இல்லாவிட்டால். வேண்டும் என்றால் ஒரு மாதவிடாய் வந்தபின் முயலலாம். அதற்குக் காரணம் தேதிக் கணக்கு சுலபம் என்பது மட்டும்தான். ஆறு மாதம் காத்திருந்தே ஆக வேண்டும் என்பதைப் பிந்தைய ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. ஃபோலிக் ஆசிட்டை நிறுத்தாதீர்கள்.

ஒருமுறை நின்றுபோனதற்காகப் பெரிய பரிசோதனைப் பட்டியல் தேவையில்லை. குறிப்பாக 'டார்ச்' டெஸ்ட் (கருவைப் பாதிக்கும் சில தொற்றுகளைத் தேடும் ரத்தப் பரிசோதனை) என்று ஆயிரக்கணக்கில் செலவழிப்பதில் பயன் இல்லை. அது பாசிட்டிவ் வந்தாலும் எப்போதோ வந்துபோன தொற்றைத்தான் பெரும்பாலும் காட்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டுல 'அபார்ஷன்'னு போட்டிருக்கு. நாங்களா கலைச்ச மாதிரி இருக்கே! புருஷன் கையெழுத்தும் கேட்டாங்க.

மருத்துவப் பாஷையில் தானாக நின்றதற்கும் அபார்ஷன்தான் சொல். 'மிஸ்ஸ்டு' என்றோ 'இன்கம்ப்ளீட்' என்றோ முன்னால் போட்டிருந்தால் நீங்களாகக் கலைக்கவில்லை என்றுதான் பொருள். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவருடைய கையெழுத்தே போதும். கர்ப்பத்தைக் கலைப்பதற்கான 1971 சட்டத்திலேயே கணவரின் சம்மதம் கேட்கப்படவில்லை. ஆஸ்பத்திரிகள் கேட்பது தங்கள் வழக்கத்துக்காக. அவர் ஊரில் இல்லை என்பதற்காக ரத்தம் போகிற பெண்ணைக் காக்க வைக்கக் கூடாது.

அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்குக் கருச்சிதைவுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 1961 மகப்பேறு பலன் சட்டத்தில் வந்த இந்த உரிமை 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இருக்கிறது. ஈஎஸ்ஐ-யிலும் ஆறு வாரம்தான். சீட்டில் தேதியும் எத்தனையாவது வாரம் என்பதும் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். பிறகு திருத்தி வாங்குவது அலைச்சல்.

பிக்மி நம்பர் போட்டாச்சு. நர்ஸ் அக்கா அடுத்த செக்கப்புக்குப் போன் பண்ணிக்கிட்டே இருக்காங்க, எடுக்கவே முடியலை.

பிக்மி என்பது அரசின் கர்ப்பப் பதிவு எண். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்த கர்ப்பம் அவர்கள் பதிவேட்டில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, அதனால்தான் கூப்பிடுகிறார்கள். நீங்கள் பேச வேண்டியதில்லை. கணவரோ அம்மாவோ டிஸ்சார்ஜ் சீட்டின் நகலைக் கொண்டுபோய்க் காட்டி, பதிவை முடித்துவைக்கச் சொன்னால் போதும். போனில் கர்ப்ப வாரம் எண்ணும் ஆப் இருந்தால் அதையும் அவர்களிடமே கொடுத்து நீக்கிவிடச் சொல்லுங்கள்.